சப்பாணி முதல் சிறுபறை வரை

நவராத்திரி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். இந்த விஜயதசமிக்குக் குழந்தையை எதில் சேர்க்கலாம்? பாட்டா, வீணையா, நாட்டியமா? பிள்ளை தட்டு, டம்ளர், ஜன்னல் கம்பி என்று கண்டதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தால் யோசனைக்கே இடமில்லை. "இவனுக்கு மிருதங்கம்தான்" என்று தாத்தா தீர்ப்பு வழங்கிவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவழித்து மிருதங்கம் வந்து இறங்கும். நாலு வயதுப் பிள்ளையின் முன்னால் அதை வைத்தால் மிருதங்கம் தெரியும், பிள்ளை தெரியமாட்டான். முதல் வாரம் வீடே அதிரும். இரண்டாம் மாதம் கை வலிக்கிறது என்பான். அடுத்த நவராத்திரிக்குள் வாத்தியம் உறைக்குள் புகுந்து பரண்மேல் ஏறியிருக்கும். "இவனுக்குச் சங்கீதம் வராது" என்ற பட்டமும் கூடவே ஏறிவிடும்.

பணம் வீணானதுகூடப் பெரிதில்லை. அந்தப் பட்டம்தான் உறுத்துகிறது. ஐந்து வயதில் சூட்டப்பட்டதை ஐம்பது வயதிலும் சுமந்துகொண்டு, கச்சேரியில் தொடையில் தாளம் போடக் கூசி உட்கார்ந்திருப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, வலியசாலையில் காலம் தள்ளும் எனக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நான் வித்துவான் அல்லன். ஆனால் இரும்பைத் தட்டி ஓசையைக் கேட்டுப் பிழைத்தவன். வண்டி நின்றதும் சுத்தியலுடன் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிச் செல்லும் ஊழியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது 'தொப்' என்று சொல்லிவிடும். எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுக்க என்னையும் துணைக்கு அழைத்ததற்கு அந்தக் காதுதான் காரணம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

வலியசாலைக்காரர்களுக்குத் தாளம் புதிதன்று. காந்தளூர் மகாதேவர் கோயிலில் உற்சவம் என்றால் செண்டை. அக்கிரகாரத்தில் பஜனை என்றால் ஜால்ரா. சற்றுத் தள்ளித் தைக்காட்டில் 1939-இல் தொடங்கப்பெற்ற சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபக் கச்சேரி. இத்தனையும் காதில் விழும் இடத்தில் வளரும் குழந்தைக்கு முதல் தாள வாத்தியம் எது என்று கேட்டால், என் பதில் மிருதங்கமும் இல்லை, செண்டையும் இல்லை.

முதல் பதில், இரண்டு உள்ளங்கைகள். இது என் கண்டுபிடிப்பு அன்று. நம் தமிழிலேயே இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். காப்பு, செங்கீரை, தால் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவதாக வருவது சப்பாணி. குழந்தை உட்கார்ந்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்தில் வைப்பார்கள். பெரியாழ்வாரே கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடியிருக்கிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழில் ஒன்பதாவது பருவம் சிறுபறை. நடந்து, ஓடி, சிற்றில் அழிக்கும் வயதும் வந்த பிறகே பிள்ளை கையில் சிறிய பறை ஏறுகிறது. கவனியுங்கள்: கைக்கும் பறைக்கும் நடுவே முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில் என்று நாலு பருவங்கள். அதுவும் பறை அன்று, சிறு பறை. அளவு பார்த்து வாங்க வேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

குழந்தைக்குத் தாள உணர்ச்சி எப்போது வருகிறது என்று இந்தக் காலத்து விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-இல் ஹங்கேரி நாட்டில் இஸ்த்வான் விங்க்லர் குழுவினர் பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களுக்குத் தூக்கத்தில் தாளத்தைக் கேட்கச் செய்தார்கள். நடுவே முக்கியமான ஓர் அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டபோது சிசுவின் மூளை அதைக் கண்டுகொண்டது என்பதை மின்பதிவு காட்டியது. ஆகவே தாளத்தைக் குழந்தைக்கு நாம் ஊட்டவேண்டியதில்லை. உள்ளே இருக்கிறது. அது வெளியே வரக் கை பழகவேண்டும். அதற்குச் சில வருடம் பிடிக்கும்.

அந்த வருடங்களில் கையில் எதைக் கொடுப்பது என்பதற்கு முன், எதிரில் யார் உட்காருவது என்பதைப் பார்க்கவேண்டும். அதே 2009-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கிர்ஷ்னர், தொமசெல்லோ என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுக் குழந்தைகளிடம் சிறிய கொட்டைக் கொடுத்து, மூன்று விதமாகத் தாளம் கேட்கச் செய்தார்கள். ஒரு முறை எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து கொட்டினார். ஒரு முறை இயந்திரம் கொட்டியது. ஒரு முறை ஒலிபெருக்கியிலிருந்து ஓசை மட்டும் வந்தது. எல்லா வயதுக் குழந்தைகளும் மனிதரோடு சேர்ந்து கொட்டும்போதுதான் அதிகமாகத் தாளம் ஒத்துப்போனார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகூட எதிரில் ஆள் இருந்தால் தன் இயல்பான வேகத்தை மாற்றிக்கொண்டு அவரோடு சேர முயன்றது.

இதைப் படித்தபின் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: எந்த வாத்தியமானாலும் இரண்டு வாங்குங்கள். ஒன்று குழந்தைக்கு, ஒன்று உங்களுக்கு. ஒரு மிருதங்கத்தின் விலையில் நாலைந்து ஜோடிச் சிறு வாத்தியம் வாங்கலாம். கைப்பேசியில் மிருதங்கம் தட்டும் விளையாட்டு இருக்கிறதே என்று கேட்கும் அப்பா அம்மாக்களுக்கும் இதே பதில். கண்ணாடியைத் தொட்டால் ஓசை வரும். மெல்லத் தட்டியதற்கும் ஓங்கித் தட்டியதற்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. எதிரில் சிரிக்க ஆளும் இல்லை.

பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு எல்லாமே குழந்தையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு செய்வதுதானே. கும்மி வட்டத்தில் நாலு வயதுச் சிறுமியும் அறுபது வயது அத்தையும் ஒரே கொட்டுக் கொட்டுவார்கள். இங்கே மலையாள வீடுகளில் திருவாதிரைக்குக் கைகொட்டிக்களி. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும் பேசிவிட்டு வீட்டில் "எனக்குத் தமிழ் வராது" என்று நழுவும் நம் பேத்திகள் கும்மிப் பாட்டை மட்டும் தட்டுத்தடுமாறியாவது தமிழில் பாடுகிறார்கள். கை ஓடும்போது நாக்கும் கூச்சத்தை மறந்துவிடுகிறது போலும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு பிள்ளைகளின் இயல்பான தாளம் பெரியவர்களுடையதைவிட விரைவானது. நாம் 'ஒன்று... இரண்டு...' என்று நிதானமாக எண்ணினால் அவர்களுக்குப் பொறுமை இராது. முதலில் அவர்கள் வேகத்துக்கு நாம் போகவேண்டும். பிறகு மெல்ல இழுத்துப் பிடிக்கலாம். ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு நல்ல வாத்தியார் இருந்தார். தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் 'தடக் தடக்' ஓசைதான். அகலப் பாதையில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர். ஆகையால் 47 விநாடிகளில் எத்தனை இணைப்பு ஓசை கேட்கிறதோ, வண்டி மணிக்கு ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கு. ஜன்னலோரம் பிள்ளைகளை உட்காரவைத்து எண்ணச் சொல்வோம். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் பயணம் சுகமாகிவிட்டது, அந்தத் தாளம் போய்விட்டது.

இனிக் கடைக்குப் போவோம்.

கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை. பனையோலையில் முடைந்து உள்ளே சிறு கற்களைப் போட்ட கிலுகிலுப்பை நம் தெற்கத்தித் திருவிழாக்களில் கிடைக்கும். ஓசை மென்மை, எடை இல்லை, வண்ணப்பூச்சும் இல்லை. ஆனால் ஓலை பிரிந்தால் உள்ளே இருப்பது நேரே வாய்க்குப் போகும். ஆகையால் பெரியவர் கூட இருக்கும்போது மட்டும் கொடுக்கவேண்டும். மரத்தில் வேண்டுமென்றால் சென்னபட்டணத்து அரக்குப் பொம்மைகளில் கிலுகிலுப்பைகள் உண்டு. பெங்களூர் - மைசூர் ரயிலில் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது அந்த ஊர். பிளாஸ்டிக் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைக் கிலுகிலுப்பைக்குள் போடாதீர்கள். அது கொடிய விஷம். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குருவாயூரில் உருளியில் குவித்திருப்பதைக் குழந்தைகள் அள்ளி விளையாடுவார்களே, அது மஞ்சாடி, முழுச் சிவப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சாடியும் மூச்சுக்குழலில் அடைக்கக்கூடியதுதான். மூடி நன்றாக ஒட்டப்பட்ட சிறிய டப்பாவில் ஒரு பிடி அரிசி போதும். ஓசையும் இதமாக இருக்கும்.

கிலுகிலுப்பை வேறொரு காரியமும் செய்யும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை. சிரிக்கும், தவழும், கண்ணுக்கு முன் ஆட்டினால் கை நீட்டும். பின்னாலிருந்து ஆட்டினால் திரும்பாது. "பையன் யோசனைக்காரன்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொலுவுக்கு வந்திருந்த ஒரு டீச்சர் அம்மா ஜால்ராவைப் பின்னால் தட்டிப் பார்த்துவிட்டு, தாயாரைத் தனியே அழைத்துப் பேசினார். பரிசோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் தொடங்க முடிந்தது. ஆறு மாதம் கடந்த குழந்தை முதுகுக்குப் பின்னால் எழும் ஓசைக்குத் திரும்பவில்லை என்றால், ஜலதோஷம், பிடிவாதம் என்று நாமாகவே காரணம் கற்பிக்காமல் உடனே காட்டிவிடுங்கள். திரும்பினாலும் சந்தேகம் இருந்தால் காட்டுவதே நல்லது. வீட்டுச் சோதனை முழுச் சோதனை ஆகாது. நம் நகரில் ஆக்குளத்தில் 1997-இல் தொடங்கிய 'நிஷ்' என்னும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. செவிக்குள் கருவி பொருத்தும் சிகிச்சைக்கு உதவ, கேரள அரசு 2012-இல் 'சுருதிதரங்கம்' என்ற திட்டத்தையும் கொண்டுவந்தது.

நன்றாகக் கேட்கும் காதையும் காப்பாற்றவேண்டும். தொழிற்கூடங்களுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்றின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஓசையில் ஒருவர் 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். இது வளர்ந்த ஆள்களுக்கு. திருவிழாக் கடையில் விற்கும் தகரக் கொட்டைச் சிறிய அறைக்குள், இரண்டு குச்சியால், ஒரு குழந்தை அரைமணி நேரம் அடிப்பதை டீசல் ஷெட்டில் வேலை பார்த்த என்னாலேயே தாங்க முடியவில்லை. அதை வாங்காதீர்கள். வாங்கிக்கொண்டு வரும் சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

இரண்டு வயதுக்கு மேல் என் முதல் தேர்வு ஜால்ரா. பஜனை மடங்களில் பெரியவர்கள் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். இதில் பிடிக்கவேண்டிய சுருதி இல்லை, பெயர்த்து அடுக்கவேண்டிய விரல் இல்லை. தாளம் சரியாக விழுந்ததா இல்லையா என்பது உடனே தெரியும். 'திறந்த' ஓசை, 'மூடிய' ஓசை என்று இரண்டே இரண்டு.

வாங்கும்போது இப்படிப் பாருங்கள். ஒரு கிண்ணத்தை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, பென்சிலால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். ஓசை அறுபடாமல் நீளவேண்டும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போனால், எந்த ஜோடி அதிக நேரம் ஒலிக்கிறது என்று தெரிந்துவிடும். 'கர்' என்று பிசிறு அடித்தால் எங்கோ மயிரிழை விரிசல்; விட்டுவிடுங்கள். வெண்கலத்தில் செம்பு ஏறக்குறைய நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. அதனால்தான் அந்த நீண்ட நாதம். கோயில் மணிக்கும் இதே உலோகம்தான். இங்கே ஓடு என்பார்கள், ஆலப்புழை மாவட்டத்து மான்னாரில் இதைக் குலத்தொழிலாகச் செய்கிறார்கள். ஆனால் வெண்கலம் தரையில் விழுந்தால் விண்டுபோகும். பித்தளை அவ்வளவு பாடாது, விழுந்தாலும் உடையாது. ஆகவே இரண்டு வயதுக்குப் பித்தளை, கீழே போடாத வயது வந்தபின் வெண்கலம் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் அளவு இருக்கட்டும். விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர் இருந்தால் அரம் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். இரண்டு கிண்ணத்தையும் நேருக்குநேர் மோதினால் உள்ளே காற்று அடைபட்டு ஓசை அமுங்கிவிடும். சற்றுச் சாய்த்து விளிம்போடு விளிம்பு தொடவேண்டும். இதைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கும். சொல்லித் தராமல் காத்திருந்து பாருங்கள், அந்த முகத்தைப் பார்ப்பது ஒரு சுகம்.

கோலாட்டக் குச்சி அடுத்தது. நல்ல மரத்தில், பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் போதும். எதிராளியின் குச்சியோடு தட்டவேண்டியிருப்பதால் நான் மேலே சொன்ன 'ஜோடி' விதி இதில் தானாகவே வந்துவிடுகிறது. பஜனையில் தட்டும் சிப்ளாக்கட்டை, தேய்த்துச் சுத்தம் செய்த கொட்டாங்கச்சி இரண்டு, எல்லாம் இந்த வகைதான்.

நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே குடியேறிய அன்பர்களுக்கு வில்லுப்பாட்டை நினைவூட்டவேண்டியதில்லை. 1956 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலிருந்தே இரு பக்கமும் ஒலிப்பது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சுப்பு ஆறுமுகமும் அதை எங்கெங்கோ கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்து குழந்தைகள் கூட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான தாள அணி இல்லை. வில்லில் வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. ஒவ்வொருவர் செய்யவேண்டியதும் எளிது. எல்லாம் சேர்ந்தால் பெரிய காரியம்போல ஒலிக்கிறது. மண்பானையின் வாயைத் தட்டையான மட்டையால் தட்டினால் உள்ளே அடைபட்ட காற்று 'தும்' என்கிறதே, அந்த ஓசைக்கு மயங்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்ற இசைமேதை 1924 முதல் மியூனிக்கில் ஒரு பள்ளியில் ஈடுபட்டு, எளிய தாள வாத்தியங்களைக் கூட்டமாக வாசிக்கச் செய்து குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் முறையை உருவாக்கினார். உலகெங்கும் பள்ளிகளில் இன்று அது பரவியிருக்கிறது. அதற்கான வாத்தியங்களை விலைகொடுத்து வரவழைக்கும் பள்ளிகள் நம் ஊரிலும் உண்டு. ஒரு தடவை வில்லுப்பாட்டுக் குழுவைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

குடம் என்றதும் கடம் ஞாபகம் வரும். மானாமதுரை ஜங்ஷனில் வண்டி மாறியவர்கள் அந்த ஊர்ப் பானைகளை அறிவார்கள். பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து வனைந்து, பச்சைப் பானையைத் தட்டித் தட்டி இறுக்கிச் சுடுவது அவ்வூர்க் கடம். அதைச் செய்யும் மீனாட்சி கேசவன் என்ற அம்மையாருக்கு 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. கனமான அந்தக் கடம் பெரியவர்களுக்கு. குழந்தைக்குச் சந்தையில் வாங்கும் தண்ணீர்ப் பானை போதும். அம்மாக்கள் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான்.

நாலு, ஐந்து வயதில் தோல் வாத்தியம் கேட்டால் சிறுபறையின் இடத்தில் நான் வைப்பது கஞ்சிராவை. கையகலப் பலாமர வளையம், ஒரு பக்கம் தோல், பக்கத்தில் ஒரு ஜோடிச் சல்லி. ஒரு கையால் தூக்கலாம், மறு கையால் தட்டலாம். மான்பூண்டியா பிள்ளை இதைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு சங்கதி மட்டும் முக்கியம். பழைய கஞ்சிராவில் உடும்புத்தோல் போடுவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு முழுப் பாதுகாப்புப் பெற்றது. அந்தத் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். "அசல் தோல் சார்" என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினால் நகர்ந்துவிடுங்கள். ஆட்டுத்தோலோ செயற்கைத்தோலோ போட்டது குழந்தைக்குத் தாராளம். செயற்கைத்தோலுக்கு மழைக்காலத்தில் தொய்யாது என்ற லாபமும் உண்டு. நம் ஊரில் ஜூனும் அக்டோபரும் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

இப்போது மிருதங்கம். அதை ஏன் தள்ளிப் போடச் சொல்கிறேன்? பெரியவர்கள் வாசிக்கும் மிருதங்கம் 22 முதல் 24 அங்குலம்வரை நீளம், பலாமரத்தில் குடைந்தது, எட்டுப் பத்துக் கிலோ இருக்கும். இரு முகத்துக்கும் கை எட்டவேண்டுமானால் சிறு பிள்ளை தோளைத் தூக்கி, முதுகை வளைத்துத்தான் உட்காரமுடியும். அந்தக் கோணல் பழகிவிட்டால் பின்னால் ஆசிரியர் திருத்தப் படும்பாடு பெரிது. சிறுவர்களுக்கென்று குட்டை மிருதங்கம் செய்கிறார்கள். எடை குறைந்த கண்ணாடியிழை உடலும் செயற்கைத்தோலும் கொண்ட மிருதங்கத்தை பெங்களூரைச் சேர்ந்த கே. வரதரங்கன் உருவாக்கியிருக்கிறார். ஏழெட்டு வயதில் ஆசிரியர் பார்த்துச் சொல்லும் அளவில் வாங்குவதே முறை.

இன்னொரு காரணம் நாதம். சாதாரணக் கொட்டில் தோலை அடித்தால் எழும் மேல் ஓசைகள் அடிப்படை ஓசையைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கின்றி இருக்கும்; அதனால் அது வெறும் சத்தமாகக் கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக ஒட்டியிருக்கும் கரணை, தோலின் நடுப்பகுதிக்குக் கனம் சேர்த்து, அந்த மேல் ஓசைகளை இரண்டு, மூன்று, நாலு மடங்கு என்ற ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோல் பாடத் தொடங்குகிறது. இதை 1920-இல் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். பல தலைமுறைகளாகக் கரணை வைத்துவந்த தொழிலாளர்களின் காதுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் பெயரைத்தான் நாம் கேட்டுவைக்கவில்லை. தஞ்சாவூரில் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தின் குடும்பத்தைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலே எழுதினார். இவ்வளவு நுட்பமாகச் சேர்த்த வாத்தியத்தைச் சுருதி சேர்க்கத் தெரியாத வீட்டில் வைத்தால், மாதக்கணக்கில் பிள்ளை காதில் விழுவது அபசுருதிதான். சுருதி கலைந்த மிருதங்கத்தைவிடச் சுருதியே இல்லாத கட்டை மேல்.

"அப்படியானால் டி.கே. மூர்த்தி எப்படி?" என்று எங்கள் தெருவில் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. 1924-இல் நம் நெய்யாற்றின்கரையில் பிறந்து, சிறுவனாகவே மேடையேறி, தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடராகி, எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பல்லாண்டுகள் வாசித்து, 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆனால் அவர் பிறந்தது சங்கீதக் குடும்பம். காலையில் எழுந்தால் வீட்டில் பாட்டு. எதிரில் உட்கார ஆள் எப்போதும் உண்டு. குருவின் வீட்டிலும் அப்படியே. லைப்ஸிக் சோதனையில் ஐந்து நிமிடம் நடந்தது அவருக்கு நாள்முழுக்க நடந்திருக்கிறது. நம் வீட்டில் அப்பா இரவு எட்டு மணிக்கு வருகிறார்.

மலையாள நண்பர்கள் செண்டை பழகும் விதத்தையும் பாருங்கள். மாணவனுக்கு எடுத்தவுடன் செண்டையைக் கொடுப்பதில்லை. கல்லின்மேலோ மரக்கட்டையின்மேலோ கனமான புளியங்குச்சியால் மாதக்கணக்கில் சாதகம். வாயால் சொல்லைச் சொல்லியபடியே கை ஓடவேண்டும். நம் முறையிலும் 'த தி தொம் நம்' என்ற முதல் பாடத்தைத் தொடையிலோ பலகையிலோ தட்டி, வாயால் சொல்லத் தெரிந்தபின்தான் தோலைத் தொடச்சொல்வார்கள் பழைய ஆசிரியர்கள். ஹங்கேரியில் கோடாய் முறையில் குழந்தைகளுக்குத் தாளம் கற்பிக்க 'டா', 'டி டி' என்று சொற்கள் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பெரிய சொற்கட்டுக் களஞ்சியமே இருக்கிறது. அதற்குக் காசும் வேண்டாம், பரணும் வேண்டாம். தகதிமி, தகிட என்று நாலும் மூன்றுமாகச் சொல்லிக்கொண்டே பேத்தியுடன் கிழக்கேகோட்டை வரை நடந்துபாருங்கள்.

பேத்தி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை கிடையாது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரும் மரபுப்படி அம்மானை, நீராடல், ஊசல் என்றே முடித்தார். வாழ்க்கையில் அந்த மரபைப் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மாற்றிவிட்டார். தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறினார். கடத்தில் சுகன்யா ராம்கோபால், விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மாவிடம் கற்றுப் பேர்பெற்றார். "பெண்ணுக்கு விரல் கெட்டுவிடும்" என்ற பேச்சை இன்னும் எங்கள் தெருவில் கேட்கிறேன். இடதுகைப் பிள்ளைகளையும் விட்டுவிடுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகை வாசிப்புக்காரர்தான். கை மாற்றச் சொல்லி வற்புறுத்தவேண்டாம்.

கடைசியாகப் பராமரிப்பு. ஜால்ராவைப் புளி போட்டுத் துலக்கினால் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். தோல் வாத்தியத்தை ஜன்னல் வெயிலிலும் குளிர்பதனப் பெட்டியின் மேலும் வைக்கக்கூடாது. கிலுகிலுப்பையின் மூடியை மாதம் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஜால்ராவின் நூல் உள்முடிச்சில்தான் தேயும்; வெளியே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெட்டிப் பருத்திக் கயிறாக மாற்றிவிடுங்கள். நைலான் வேண்டாம், விரலை அறுக்கும்.